வலது காலுக்கு விடுப்பு

எங்கள் ஊரில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பாதிக்கு சீட் தைத்தவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். சீட் கடையில் என் பெயரே சீட்டக்கா. கிழிந்த சீட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டால் போதும், ஃபோமில் விழுந்திருக்கும் பள்ளத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறவர், பெட்ரோல் டேங்கைக் கட்டிக்கொண்டு ஓட்டும் பயந்தாங்கொள்ளி, பின்னால் யாரையுமே ஏற்றாத மகாராசன் எல்லாரும் அந்தப் பள்ளத்துக்குள் இருப்பார்கள்.

இவ்வளவு தெரிந்த எனக்கு நாற்பது வயது தாண்டியும் வண்டி ஓட்டத் தெரியாது. ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் பட்டினி கிடந்த கதைதான்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவ்வளவு பெரிய பஸ்ஸை முட்டுச்சந்தில் திருப்பச் சொன்னாலும் விசிலடித்துக்கொண்டே திருப்புவார். ஆனால் இரண்டு சக்கரம் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. "ஸ்டாண்டு போடாம நிக்கவே முடியாத ஒரு சாமான். அது ஓடும்போது மட்டும் ஒழுங்கா இருக்கும்னு எப்படி நம்புறது?" என்பார். அதனால் எங்கள் வீட்டில் வண்டியே கிடையாது. அவசரமாக எங்காவது போக வேண்டுமென்றால் அவர் தங்கைக்குத்தான் போன் போடுவேன். நாத்தனாருக்கு வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வேலை. நாள் முழுக்க வண்டியில்தான் இருப்பாள். வந்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறப்பாள். போகிற வழியில் நான் பார்ப்பதெல்லாம் அவள் முதுகைத்தான். அதற்கு முன்னால் தம்பியின் முதுகு. அதற்கும் முன்னால் அப்பாவின் முதுகு. முதுகு பார்த்தே பாதி ஆயுசு போய்விட்டது.

போன வருஷம் ஒரு பெரிய வண்டி கடைக்கு வந்தது. சீட் மெத்தென்று இருக்கிறது, கொஞ்சம் கெட்டியாக்கித் தர வேண்டும் என்றார் அதன் சொந்தக்காரர். ஆக்கிக் கொடுத்தேன். "சீட்டக்கா, ஏறி உட்காந்து பாருங்க, சரியா இருக்கா" என்றார் எங்கள் கடை முதலாளி. வழக்கமாக உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பதோடு சரி. அன்றைக்கு என்னவோ ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் தரையைத் தொட்டன. முதலாளி விளையாட்டாகச் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிட்டார். அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்குள் கேட்டது. இறங்க மனசே வரவில்லை. சீட் சரியில்லை என்று பொய் சொல்லி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுவாரமே அதே மாதிரி வண்டி ஒன்று எனக்காக புக் செய்தேன். வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஆகட்டும், இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அது ஒரு காத்திருப்பா? ராத்திரி சாப்பாட்டில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். நாத்தனாரும் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள்.

"பெரிய வண்டி ஒன்னு புக் பண்ணிட்டேன்."

வாய்க்குப் போன அவர் கை பாதியில் நின்றது. "யாரு ஓட்டுறதுக்கு?"

"நான்தான்."

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே!"

"தெரிஞ்சா இந்நேரம் ஓட்டிட்டு இருக்க மாட்டேனா? கத்துக்கப் போறேன்."

நாத்தனார் சமாதானமாகச் சொல்வதாக நினைத்து எண்ணெயை ஊற்றினாள். "கவலைப்படாதண்ணா. வண்டி வந்ததும் நானே ஓட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்திடுறேன். அண்ணி பின்னாடி உட்காந்துக்கட்டும். அப்புறம் மெதுவா பழகட்டும்."

பின்னாடி! எனக்குச் சுள்ளென்று ஏறியது. "யாரும் ஓட்டிட்டு வர வேண்டாம். ஷோரூம்லேருந்து வீடு வரைக்கும் நானே ஓட்டிட்டு வருவேன். முடியலைன்னா அந்த வண்டியே எனக்கு வேண்டாம்!"

என் வாய் இருக்கிறதே, அது எப்போதும் எனக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று எனக்கே தெரிந்தது.

அவர் சிரித்தார். "நீ மட்டும் ஓட்டிட்டு வா, பின்னாடி நானே உட்காந்து வரேன். போதுமா?" மழை பெய்து கடல் நிரம்பினால் பார்க்கலாம் என்கிற மாதிரி சொன்னார்.

"நான் சாட்சி" என்று நாத்தனார் தட்டிலேயே தாளம் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடம் ஆரம்பித்தது. மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் பெரிய சிமெண்டுத் தரை. ஒரு கோடியில் மதில் சுவர், அதன் அடியில் யாரோ கொட்டிவிட்டுப் போன பழைய டயர்கள். நாத்தனாரின் பார்சல் வண்டிதான் பயிற்சி வண்டி. முதல் விஷயமாக அவள் மரியாதையை ரத்து செய்தாள்.

"கீழ நின்னா நீங்க அண்ணி. வண்டியில ஏறிட்டா 'நீ'தான். 'அமுக்குங்க அண்ணி'ன்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சுவர் வந்துடும்."

நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

என் கைகள் கெட்டிக்காரக் கைகள். கிளட்ச்சை விடும் பக்குவம் முதல் நாளே வந்துவிட்டது. ரெக்சினை ஃபோம் மேல் இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு ஆணியடிக்கிற கைக்கு அதெல்லாம் ஒரு வித்தையா? கியர் மாற்றினேன், வளைத்தேன், இரண்டாம் ஞாயிறு எட்டுகூடப் போட்டுவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் நான் பாடிய பாட்டு யாருக்கும் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் வகுப்பை நிறுத்தியிருப்பார்கள்.

நிற்பதுதான் வரவில்லை.

"அமுக்கு! வலது காலு, பிரேக், அமுக்கு!" என்று நாத்தனார் கத்துவாள். நான் காலைத் தூக்குவேன். தூக்குவதோடு விடாமல் குதிகாலை வேறு கீழே இறக்குவேன், முழங்கால் தானாக வெளிப்பக்கம் விரியும். வண்டி ஆனந்தமாகப் போய் டயர் குவியலில் செருகிக்கொள்ளும். கை பிரேக்கை மட்டும் பிடித்துப் பார்த்தேன். சிமெண்டில் கிடந்த மணலில் முன்சக்கரம் வழுக்கி, நானும் வண்டியும் தனித்தனியாகப் படுத்தோம். முழங்கையில் தோல் போனது. ஆற அமர யோசித்தால் எது பிரேக் என்று தெரிகிறது. அவசரம் என்றால் கால் என் பேச்சைக் கேட்பதில்லை.

"அண்ணி, நிறுத்தச் சொன்னா எதுக்கு டான்ஸ் ஆடுற?" என்றாள் அவள். டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தேர்வுக்குப் போனேன். எட்டை அழகாகப் போட்டேன். கடைசியில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும், கோட்டுக்கு அந்தப் பக்கம் தேர்வு அதிகாரி நிற்கிறார். கால் தூக்கியது. அவர் சட்டென்று ஒதுங்கிக்கொண்டார். நான் அவரைத் தாண்டிப் போய் ஒரு பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"வண்டிதாம்மா நிக்கணும்," என்றார் அவர் பொறுமையாக. "நான் நகரக் கூடாது. அடுத்த மாசம் வாங்க."

அன்று சாயங்காலமே ஷோரூமிலிருந்து போன். அடுத்த மாதம் என் வண்டி வந்துவிடுமாம், மெரூன் நிறமே கிடைத்துவிட்டதாம். கேட்டதும் சந்தோஷத்தில் துள்ளினேன், அடுத்த நொடியே காலண்டரைப் புரட்டினேன். வண்டி வருகிற வாரத்தில்தான் மறு தேர்வும். அதிலும் பூந்தொட்டிக்குப் போனால் வண்டி எனக்கில்லை. சொன்ன சொல்லை மாற்றிக்கொள்கிற பழக்கம் என்னிடம் இல்லை.

"விடும்மா," என்றார் என் வீட்டுக்காரர். "வீம்புக்குப் பேசினதெல்லாம் ஒரு பேச்சா? தங்கச்சி ஓட்டிட்டு வரட்டும். நீ பின்னாடி உட்காந்து வா."

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் அந்தக் கோபத்தோடு மெஷினில் உட்கார்ந்தேன். எங்கள் கடை மெஷின் வீட்டு மெஷின் மாதிரி இல்லை, மோட்டார் வைத்தது. வலது காலால் பெடலை அமுக்கினால் ஓடும். காலைத் தூக்கிக் குதிகாலால் பின்னுக்கு மிதித்தால் டக்கென்று நிற்கும். முழங்காலை வெளிப்பக்கம் தள்ளினால் ரெக்சினை அழுத்திப் பிடித்திருக்கும் இரும்புப் பாதம் மேலே எழும்பும். ஒரு சீட்டை விடாமல் ஓட்டித் தைத்து, மூலை வந்ததும் நிறுத்தினேன். கால் தூக்கியது, குதிகால் இறங்கியது, முழங்கால் விரிந்தது.

அப்படியே உறைந்து போய்விட்டேன். அட பாவி காலே!

டயர் குவியலில் ஆடிய அதே டான்ஸ். இருபது வருஷமாக, நாள் முழுக்க, இந்த வலது காலுக்கு நான் ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: அமுக்கினால் ஓடு, தூக்கினால் நில். பாவம், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் அழிக்கிற பாடத்தை நான் வாரம் பூராவும் மெஷினில் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். காரணம் தெரிந்ததில் பாதி நிம்மதி. வேலையையும் விட முடியாது, காலையும் கழற்றி வைக்க முடியாது என்பதில் மீதிக் கவலை.

அன்று ராத்திரி இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு படத்தில் கார் ஒன்று வேகமாக வந்து லாரியில் மோதப் போனது. இவருடைய வலது கால் தரையை ஓங்கி அமுக்கியது.

"என்னங்க பண்றீங்க?"

"எதை?"

"காலால."

குனிந்து பார்த்துக்கொண்டு வெட்கப்பட்டார். "அது... எப்பவும் அப்படித்தான். யாரு ஓட்டினாலும் என் காலு பிரேக் போட்டுடும். ஆட்டோவுல போனாக்கூட."

மோதல் முடிந்து விளம்பரம் வந்தும் அவர் காலை எடுக்கவில்லை. பிறகு, டிவியையே பார்த்தபடி, "நான் மேலே உட்காந்து ஓட்டுறேன்ல," என்றார். "அங்கேருந்து பாத்தா பைக்ல போறவங்க முகம் தெரியாது. உச்சி மட்டும்தான் தெரியும். சின்னதா ஒரு ஹெல்மெட்டு, அவ்வளவுதான். பக்கத்துல எவனாவது உரசினாப் போல போனா என் காலு பிரேக்குக்குப் போயிடும். இனிமே ஒவ்வொரு ஹெல்மெட்டையும் பாத்து, அது நீயா நீயான்னு..."

இத்தனை நாள் இவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தாங்கொள்ளிதான், ஆனால் பயம் அவருக்காக இல்லை. மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

"நான் நல்லா நிறுத்தக் கத்துக்கிட்டா?" என்றேன்.

"நிறுத்தத் தெரிஞ்சவன்தான் டிரைவர். ஓட்ட யாருக்கும் தெரியும்."

படுத்த பிறகும் அந்தக் கால் கண்ணுக்குள்ளேயே நின்றது. பெடலே இல்லாத இடத்தில் பிரேக் போடுகிற கால்! என் காலை அப்படி ஆக்க வேண்டும். எப்படி என்பதும் விடிவதற்குள் தெரிந்துவிட்டது.

காலையில் கடைக்குப் போனதும் நாற்காலியை வலப்பக்கம் நகர்த்திப் போட்டேன். மெஷின் பெடலை இடது காலிடம் ஒப்படைத்தேன். வலது காலுக்கு இன்று முதல் விடுப்பு. சும்மா விட்டால் அது பழைய இடத்துக்கே ஓடும் என்று, அதன் அடியில் ஒரு ஃபோம் துண்டை ஆணியடித்து வைத்தேன். இடது கால் தூக்கி மெஷின் நிற்கும்போதெல்லாம் வலது கால் அந்த ஃபோமை அமுக்க வேண்டும். நிற்பது என்றால் இனி அமுக்குவது.

ஆனால் இதை எதில் பழகுவது? ஊரான் சீட்டில் கோணல் போட என் மானம் இடம் கொடுக்கவில்லை. அலமாரியில் என் வண்டிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மெரூன் ரெக்சின் இருந்தது. அதில் என் வாழ்நாளின் ஆகச் சிறந்த சீட்டைத் தைக்க வேண்டும் என்று மாதக்கணக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டு அதையே எடுத்தேன்.

இடது காலுக்கு மெஷின் ஓட்டுவது என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஒன்று எறும்பாக ஊர்ந்தது, இல்லையென்றால் ரயிலாகப் பாய்ந்தது. தையல் வளைந்தது, நெளிந்தது, ஓரிடத்தில் தன் மேலேயே ஏறிக்கொண்டது. முதலாளி எட்டிப் பார்த்தார்.

"சீட்டக்கா, இது தையலா, பாம்பு போன தடமா?"

"என் சீட்டு, என் தையல். உங்க வேலையைப் பாருங்க."

"உங்க பேரு கெடுதுன்னு சொன்னேன். பிரிச்சுடுங்க."

"கெடட்டும்."

அவர் பின்வாங்கித் தன் மேஜைக்கே போய்விட்டார். ஒரு சின்னக் கோணலைப் பிரித்துத் தைக்காமல் வீட்டுக்குக் கிளம்பாத பொம்பளை இப்படிச் சொன்னால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? காலையில் முதல் வேலையாகவும், சாப்பாட்டு நேரத்திலும், கடை மூடும் முன்பும் தைத்தேன். பிறகு தைரியம் வந்து, வாடிக்கைக்காரர்களின் சீட்டுக்கும் உள்பக்கத் தையல்களை இடது காலால் போட்டேன். ஃபோம் துண்டில் என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தைப் பார்த்து யாராவது ஆளைச் சொல்லியிருந்தால், யாரோ பஸ் டிரைவர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஒருநாள் வீட்டில் பால் பொங்கி வழியப் போனது. ஓடி வருகிறேன், என் வலது கால் தரையை ஓங்கி அமுக்குகிறது. பால் வழிந்தேவிட்டது. அடுப்புக்கு முன்னால் நின்று நான் சிரித்த சிரிப்பில் இவர் பதறிப்போய் எழுந்து வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வண்டிக்கு முன்னால் கையை நீட்டினாள். நின்றேன். இன்னும் வேகமாக வரச் சொன்னாள். நின்றேன். டயர் குவியலை நோக்கி நேராக விட்டு, அதற்கு ஒரு முழம் முன்னால் நின்றேன்.

"அண்ணி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, ஹெல்மெட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "எப்படி அண்ணி? ஒரே வாரத்துல காலை மாத்திட்டு வந்துட்டியா?"

"கீழ இறங்கிட்டேன். மரியாதை."

"மாத்திட்டு வந்துட்டீங்களா!"

தேர்வு நாளில் அதே அதிகாரி, அதே கோடு. என்னைப் பார்த்ததுமே ஓரடி தள்ளி நின்றுகொண்டார். எட்டைப் போட்டுவிட்டு நேராக வந்தேன். கோடு நெருங்க நெருங்க மூளை காலியானது. கால் மட்டும் கலங்கவில்லை. அமுக்கியது. முன்சக்கரம் கோட்டுக்கு இந்தப் பக்கம், சாதுவாக நின்றது.

அதிகாரி குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பரவாயில்லையே," என்றார். "இன்னைக்கு நான் நகரலை."

வண்டி எடுக்கும் நாள் நாத்தனாரும் நானும் ஷோரூமில் நின்றோம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் என் வண்டி. மெரூன் டேங்கில் என் முகம் தெரிந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போட்டிருந்த சீட்டுறையைக் கழற்றி, பையில் கொண்டுபோன என் உறையை அங்கேயே மாட்டினேன். பழகுவதற்காகக் கெடுத்த அதே ரெக்சின்தான். வேறு நல்லதாகத் தைக்க நேரமில்லை என்று நாத்தனாரிடம் சொன்னேன். அது பொய். நேரம் இருந்தது. அந்தக் கோணல் தையலில்தான் நான் நிற்கக் கற்றுக்கொண்டேன். அதைப் பிரிக்கக் கை வரவில்லை.

இவரைக் காணோம். டியூட்டி இருக்கிறது என்று காலையிலேயே போய்விட்டார். வீம்புக்குப் பேசினதெல்லாம் ஒரு பேச்சா என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சத்தம் மறுபடி நெஞ்சுக்குள் கேட்டது.

"கொஞ்சம் இரும்மா."

டிரைவர் யூனிஃபார்மில் நின்றுகொண்டிருந்தார். கையில் புத்தம் புது ஹெல்மெட், விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. டியூட்டியைப் பாதியில் இன்னொருவரிடம் மாற்றிவிட்டு வந்திருக்கிறார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"சொன்ன சொல்லுன்னு ஒன்னு இருக்கில்ல," என்றார். ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்னாக மாட்டிக்கொண்டார். நாத்தனார்தான் திருப்பி மாட்டிவிட்டாள்.

ஏறினார். வண்டி ஒரு தடவை அமுங்கி நிமிர்ந்தது. இரண்டு கைகளும் என் இடுப்பை வளைத்துப் பிடித்தன. கிளம்பினோம். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எனக்கு முன்னால் யார் முதுகும் இல்லை. சாலை, மரங்கள், வானம், எல்லாம் நேராக என்னை நோக்கி வந்தன. அழுதேனா, சிரித்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஹெல்மெட்டுக்குள் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. என் கால் அமுக்கியது. அதே நொடியில் பின்னால் அவர் கால் ஃபுட்ரெஸ்ட்டை ஓங்கி அமுக்கியது எனக்கு முதுகெலும்பு வரை தெரிந்தது. வண்டி கோட்டுக்கு முன்னால் நின்றது.

"நல்லா நிறுத்தினேன்ல?" என்றார் காதுக்குப் பக்கத்தில்.

"நீங்களா?"

"பின்ன?"

பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. மேலே இருந்த டிரைவர் குனிந்து பார்த்து, இவரை அடையாளம் கண்டு, ஹாரனை விடாமல் அடித்தார். இவர் ஒரு கையை என் இடுப்பிலிருந்து எடுத்து ராஜா மாதிரி ஆட்டினார். பச்சை விழுந்ததும் அவசரமாகத் திரும்ப வைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் நிறுத்தி ஸ்டாண்டு போட்டேன். எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த நாத்தனார் கைதட்டினாள். நான் இறங்குவதற்காகக் காத்திருந்தேன். பின்னால் இருப்பவர் இறங்கினால்தானே நான் இறங்க முடியும்? அவர் இறங்கவில்லை.

"வீடு வந்துடுச்சுங்க."

"அதுக்குள்ளயா?" என்றார். பிறகு மெதுவாக, தங்கைக்குக் கேட்காத மாதிரி, "அந்த சிக்னல் வரைக்கும் இன்னொரு தடவை போலாமா? இந்தத் தடவை நான் பிரேக் போட மாட்டேன்."

"போடுங்க," என்றேன். "ரெண்டு பேரும் சேர்ந்தே போடுவோம்."

சாவியைத் திருப்பினேன்.